உடம்புக்கு ஒன்றுமே இல்லாதவன் எதற்குக் குடல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்?

கேள்வி கேட்டவருக்கு 47 வயது, டல்லாஸ் பக்கம் ஐ.டி. வேலை. பிறந்ததிலிருந்து சைவம், சிகரெட், மது கிடையாது, தினமும் நடை. குடும்பத்தில் யாருக்கும் புற்றுநோய் வந்ததில்லை என்கிறார். வருடாந்தர செக்கப்பில் டாக்டர், பெருங்குடல் புற்று இருக்கிறதா என்று ஆசனவாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது, இன்னும் போகவில்லை. அறிகுறி எதுவும் இல்லாதவன் இதை ஏன் செய்துகொள்ள வேண்டும், இது இன்ஷூரன்ஸ் பணத்தைக் கறக்கும் வேலையா, மதுரையில் இருக்கும் 74 வயது அப்பாவுக்கும் பார்க்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். செய்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால் அது கொலோனோஸ்கோபியாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒன்றரை வருடமாக அந்தச் சீட்டு இழுப்பறையில் கிடக்கிறது என்றால், இன்றைக்கே டாக்டருக்கு ஒரு மெசேஜ் போட்டு "ஃபிட் கிட் அனுப்புங்கள்" என்று கேளுங்கள். வீட்டிலேயே மலத்திலிருந்து துளி மாதிரி எடுத்துத் தபாலில் போடுகிற பரிசோதனை, பத்து நிமிட வேலை. நான் அமெரிக்காவில் ஒரு எண்டோஸ்கோபி பிரிவில் நர்ஸாக இருக்கிறேன், அதாவது கொலோனோஸ்கோபியால்தான் எனக்குச் சம்பளமே வருகிறது. அப்படி இருந்தும் இதைச் சொல்கிறேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் "உடம்புக்கு ஒன்றும் இல்லையே" என்ற வாதம். இந்தப் பரிசோதனையே உடம்புக்கு ஒன்றும் இல்லாதவர்களுக்குத்தான். மலத்தில் ரத்தம் போகிறது, மலம் கழிக்கும் பழக்கம் திடீரென்று மாறி வாரக்கணக்கில் அப்படியே இருக்கிறது, காரணமில்லாமல் எடை குறைகிறது என்று வருகிறவர்களுடைய கதை வேறு. அவர்கள் கிட்டுக்காகவெல்லாம் காத்திருக்கக் கூடாது, நேரே டாக்டரிடம் போக வேண்டும், வயது முப்பதாக இருந்தாலும் சரி.

பெருங்குடலின் உள்சுவரில் சில பேருக்குச் சின்னதாகச் சதை முளைக்கும், பாலிப் என்பார்கள். ஐம்பதைத் தாண்டியவர்களில் நாலு பேரில் ஒருவருக்காவது இருக்கும். பெரும்பாலானவை ஒன்றும் செய்யாமல் இருந்த இடத்திலேயே இருந்துவிடும். அடினோமா என்ற வகையில் சில மட்டும் மெல்ல வளர்ந்து, மரபணுக் கோளாறுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து புற்றாக மாறும், அதற்குப் பொதுவாகப் பத்து வருடம் போலப் பிடிக்கும். இந்தப் பத்து வருடமும் வலிக்காது, பசி குறையாது, நடைக்குப் போகலாம், பேட்மிண்டன் ஆடலாம். குடலின் உள்தோலுக்கு வெட்டுப்படும் வலியே தெரியாது. கொலோனோஸ்கோபியின்போது டாக்டர் பாலிப்பைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருக்கு ஒன்றைப் போட்டு இறுக்குவார், அது துண்டாகும், குழாய் வழியாக உறிஞ்சப்பட்டு எங்கள் பக்கத்தில் இருக்கும் சின்ன வடிகட்டிப் புட்டிக்குள் வந்து விழும். மிளகு அளவில் ஒரு இளஞ்சிவப்புத் துணுக்கு, அவ்வளவுதான். மொத்தமாக ஒரு நிமிடம்கூட ஆகாது. அதைப் பார்மலினில் போட்டு லேபிள் ஒட்டுவது என் வேலை. இத்தனை வருடம் கழித்தும் அந்தத் துணுக்கைப் பார்க்கும்போது "இதுவா?" என்று தோன்றாமல் இருப்பதில்லை.

மார்பகப் புற்றுக்கு எடுக்கும் மேமோகிராம் வந்துவிட்ட புற்றைச் சீக்கிரமாகக் காட்டும். இங்கே அதற்கும் ஒரு படி முன்னால் போக முடிகிறது, புற்றாக மாறுவதற்கு முன்பே எடுத்து எறிந்துவிடலாம். அமெரிக்காவில் நடந்த தேசிய பாலிப் ஆய்வில், அடினோமா அகற்றப்பட்டவர்களை நீண்ட காலம் தொடர்ந்து பார்த்து 2012ல் வெளியிட்டார்கள். பொது மக்களிடையே எதிர்பார்க்கக்கூடிய பெருங்குடல் புற்று மரணங்களோடு ஒப்பிட்டால் அவர்களிடம் 53 சதவீதம் குறைவு. சரி, பாலிப் நிலையில் பிடிக்கவில்லை, புற்றாகவே ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். குடல் சுவரைத் தாண்டாத நிலையில் கண்டுபிடித்தால் ஐந்து வருடம் தாண்டுகிறவர்கள் 100க்கு 90 பேர். கல்லீரல், நுரையீரல் என்று பரவியபின் கண்டுபிடித்தால் சுமார் 15 பேர்தான். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் காலம்தான்.

காலத்தைப் பற்றிப் பேசினால் எனக்கு எப்போதும் அமெரிக்க அதிபராக இருந்த ரொனால்ட் ரீகன் ஞாபகம்தான் வரும். 1984ல் அவருக்கு ஒரு சின்ன பாலிப் தென்பட்டது. 1985 மார்ச்சில் மலப் பரிசோதனையில் ரத்தத் தடயமும் இருந்தது. முழுக் கொலோனோஸ்கோபி நடந்ததோ அந்த வருடம் ஜூலையில்தான், அப்போதுதான் பெருங்குடல் தொடங்கும் வலது பக்க மூலையில் பெரிய கட்டி இருந்தது தெரிந்தது. மறுநாளே அறுவை சிகிச்சை, அதிகாரத்தைச் சில மணி நேரம் துணை அதிபர் புஷ்ஷிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். கட்டியில் புற்று இருந்தது, ஆனால் பரவவில்லை. அதற்குப் பிறகு 19 வருடம் இருந்து 93 வயதில் காலமானார். உலகத்திலேயே அதிக மருத்துவர்கள் சூழ்ந்திருக்கும் மனிதருக்கே இத்தனை மாதம் தள்ளிப்போயிருக்கிறது என்றால், ஸ்பிரிண்ட் மீட்டிங்குகளுக்கு நடுவில் உங்களுக்கு ஒன்றரை வருடம் போனதில் ஆச்சரியமே இல்லை.

"ஐம்பதில்தானே பார்க்கச் சொல்வார்கள், 45 எங்கிருந்து வந்தது?" என்று நிறைய பேர் கேட்கிறார்கள். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2018ல் வயதை 45க்குக் கொண்டுவந்தது. எந்தத் தடுப்புப் பரிசோதனைக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பணம் கட்ட வேண்டும் என்பதற்கு யாருடைய பரிந்துரை அடிப்படையோ அந்த நிபுணர் பணிக்குழு 2021 மே மாதம் அதையே சொன்னது. காரணம், 1990களின் நடுவிலிருந்து ஐம்பதுக்குக் கீழே உள்ளவர்களிடம் இந்தப் புற்று ஏறிக்கொண்டே வருகிறது. முதியவர்களிடம் குறைந்துகொண்டு வர, இளையவர்களிடம் கூடுகிறது. ஐம்பது வயதுக்குட்பட்ட அமெரிக்க ஆண்களில் புற்றுநோய் மரணங்களுக்கு இன்று முதல் காரணம் இதுதான், பெண்களில் இரண்டாவது. ஹாலிவுட் நடிகர் சாட்விக் போஸ்மன் 2020ல் இறந்தபோது வயது 43, நோய் தெரிந்தது 2016ல், அப்போதே மூன்றாம் நிலை. ஏன் இளையவர்களிடம் கூடுகிறது என்பதற்கு உடல் பருமன், உணவு, குடல் நுண்ணுயிர்கள் என்று பல கோணங்களில் ஆராய்ச்சி நடக்கிறது. பதில் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

சைவம் விஷயத்துக்கு வருவோம், நம்மவர்கள் எல்லாருடைய கையிலும் இருக்கும் துருப்புச் சீட்டு அது. உண்மையிலேயே கொஞ்சம் பலன் உண்டு. பதப்படுத்திய இறைச்சி பெருங்குடல் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015ல் திட்டவட்டமாகச் சொன்னது. அதே வருடம், வட அமெரிக்காவில் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையினர் 77,000 பேரை வைத்துச் செய்த ஆய்வில், சைவர்களுக்கு இந்தப் புற்று வரும் வாய்ப்பு 22 சதவீதம் குறைவாக இருந்தது. குறைவு, இல்லாமல் போகவில்லை. அதுவும் அவர்கள் சாப்பிடும் சைவம் முழு தானியமும் பருப்பும் காயும். நம்முடைய சைவம் பல வீடுகளில் வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், சாயங்காலம் மிக்சர். நார்ச்சத்து எங்கே என்று தேட வேண்டும். கூடவே உட்கார்ந்தே செய்யும் வேலை, தொப்பை, சர்க்கரை. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு இந்தப் புற்று வரும் வாய்ப்பு ஓரளவு கூடுதல் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நமக்கு அது வீட்டுக்கு வீடு இருக்கிறது.

"குடும்பத்தில் யாருக்கும் இல்லை" என்பதும் அப்படித்தான். பெருங்குடல் புற்று வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் குடும்ப வரலாறு எதுவும் கிடையாது. அது போக, உண்மையிலேயே யாருக்கும் இல்லையா என்பது நமக்குத் தெரியுமா? பெரியப்பா எதனால் போனார் என்று கேட்டால் "வயித்துல கட்டி" என்பார்கள், இல்லாவிட்டால் "மஞ்சக்காமாலை", இல்லாவிட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். புற்று என்று பெயர் சொல்லக்கூடத் தயங்கிய தலைமுறை அது. ஒரு தடவை அம்மாவிடமோ அத்தையிடமோ நிதானமாக உட்கார்ந்து கேளுங்கள். அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள், பிள்ளைகள், இவர்களில் யாருக்காவது இந்தப் புற்று வந்திருந்தால் 45 என்ற கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. 40 வயதில், அல்லது அவர்களுக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து வருடம் முன்னால், எது முதலில் வருகிறதோ அப்போது தொடங்க வேண்டும், அதுவும் கொலோனோஸ்கோபியாகவே. குடும்பத்தில் பல பேருக்கு இளவயதிலேயே குடல் புற்றோ கருப்பைப் புற்றோ வந்திருந்தால் லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற மரபுக் கோளாறாக இருக்கலாம், அதற்கு மரபணு ஆலோசகரைப் பார்க்க வேண்டும்.

இனி வியாபாரக் கேள்வி. நியாயமான கேள்வி, மழுப்ப மாட்டேன். அமெரிக்காவில் கொலோனோஸ்கோபி பெரிய பணம் புரளும் தொழில், மறுக்க முடியாது. ஆனால் பணம் புரள்கிறது என்பதாலேயே பயன் இல்லை என்று ஆகிவிடாது. 2022ல் நார்டிக் என்ற ஆய்வு வெளிவந்தபோது "கொலோனோஸ்கோபி வேலை செய்யவில்லை" என்று தலைப்புச் செய்தி போட்டார்கள். போலந்து, நார்வே, ஸ்வீடன் நாடுகளில் சுமார் 85,000 பேர். ஒரு பகுதியினருக்குக் கொலோனோஸ்கோபிக்கு அழைப்பு அனுப்பினார்கள், மற்றவர்களுக்கு அனுப்பவில்லை. பத்து வருடம் கழித்துப் பார்த்தால் அழைக்கப்பட்டவர்களிடம் புற்று 18 சதவீதம்தான் குறைவு, மரண எண்ணிக்கையில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. செய்தியில் விட்டுப்போனது என்னவென்றால், அழைக்கப்பட்டவர்களில் வந்து செய்துகொண்டவர்கள் வெறும் 42 சதவீதம். வராதவர்களையும் சேர்த்துத்தான் அந்த 18. எல்லோரும் வந்திருந்தால் புற்று எவ்வளவு குறைந்திருக்கும் என்று ஆய்வாளர்களே கணக்கிட்டபோது 31 சதவீதம் வந்தது. இது பேரதிசயம் இல்லை, சில டாக்டர்கள் சொல்லும் 80, 90 சதவீதக் கதையும் இல்லை. ஆனாலும் பொருட்படுத்தத் தக்க பயன்தான்.

ஆபத்தும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். 10,000 பேருக்குச் செய்தால் சுமார் 3 பேருக்குக் குடலில் ஓட்டை விழலாம், 15 பேருக்குக் கணிசமான ரத்தக் கசிவு வரலாம். பெரும்பாலும் வயதானவர்களுக்கும் பெரிய பாலிப் எடுத்தவர்களுக்கும்தான். 47 வயதில் வேறு நோய் இல்லாதவருக்கு இதைவிடக் குறைவு.

ஆனால் நான் நிஜமாகவே கோபப்படுவது வேறு விஷயத்துக்கு. இவ்வளவு தெரிந்தும் ஏறக்குறைய பாதிப்பேர் செய்துகொள்வதில்லை. அமெரிக்காவில் 45 வயதுக்கு மேற்பட்டவர்களில் 2021 நிலவரப்படி பரிசோதனையைக் காலத்தோடு செய்திருந்தவர்கள் 59 சதவீதம். ஆசிய வம்சாவளியினரிடம் சுமார் 50. உங்கள் வயதுக்காரர்களிடம், அதாவது 45 முதல் 49 வரை, 20 சதவீதம்தான் இருந்தது, 2023ல் மூன்றில் ஒரு பங்குக்கு ஏறியிருக்கிறது. 2018க்குள் 80 சதவீதத்தை எட்டுவோம் என்று நாடு முழுக்க இயக்கமே நடத்தினார்கள், எட்டவில்லை.

ஏன் என்று கேட்டால் மக்கள் சோம்பேறிகள், வெட்கப்படுகிறார்கள், பயப்படுகிறார்கள் என்று ஒரு பட்டியல் வாசிப்பார்கள். வெட்கம் உண்டுதான். நம்ம ஊர்ப் பெண்கள் கணவருக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கி, பேதி பவுடர் கலக்கிக் கொடுத்து, காரில் கூட்டிவந்து வெளியே காத்திருப்பார்கள். "உங்களுக்கு எப்போ?" என்று கேட்டால் சிரித்து மழுப்புவார்கள். வாழ்நாளில் ஆண்களில் 24ல் ஒருவருக்கு வருகிறது என்றால் பெண்களில் 26ல் ஒருவருக்கு வருகிறது, பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. ஆனால் வெட்கத்தையும் பயத்தையும்விடப் பெரிய காரணம், டாக்டர்கள் ஒரே ஒரு வழியைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்வதுதான் என்று நான் நினைக்கிறேன். சான் பிரான்சிஸ்கோவில் பல இனத்தவரும் வரும் பொது மருத்துவமனைகளில் சுமார் ஆயிரம் பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள், 2012ல் வெளியானது. ஒரு குழுவுக்குக் கொலோனோஸ்கோபி மட்டும் பரிந்துரை, இன்னொன்றுக்கு மலப் பரிசோதனை மட்டும், மூன்றாவது குழுவிடம் "இரண்டில் எது வேண்டும், நீங்களே சொல்லுங்கள்" என்றார்கள். ஒரு வருடத்தில் முதல் குழுவில் செய்து முடித்தவர்கள் 38 சதவீதம். இரண்டாவதில் 67, மூன்றாவதில் 69. அதே ஊர், அதே மாதிரியான மக்கள், அதே வெட்கம். கேட்ட விதம்தான் வேறு.

இதையே பெரிய அளவில் செய்து காட்டியது வட கலிஃபோர்னியாவின் கைசர் பெர்மனென்டே, இன்ஷூரன்ஸும் மருத்துவமனையும் சேர்ந்த நிறுவனம். 2000களின் நடுவிலிருந்து, நோயாளி டாக்டரிடம் வரட்டும் என்று காத்திருக்காமல் வருடா வருடம் வீட்டுக்கே ஃபிட் கிட்டைத் தபாலில் அனுப்பத் தொடங்கினார்கள். திருப்பி அனுப்பாதவர்களுக்குக் கடிதம், போன், அப்புறம் வேறு எதற்காகவோ டாக்டரிடம் வரும்போது கையோடு நினைவூட்டல். கொலோனோஸ்கோபி வேண்டும் என்பவர்களுக்கு அதுவும் இருந்தது. பரிசோதனை செய்துகொண்டவர்கள் 2000ல் 39 சதவீதம், 2015ல் 83. அந்தக் காலத்தில் அவர்களுடைய உறுப்பினர்களிடையே இந்தப் புற்றால் வரும் மரணம் பாதிக்கும் மேல் குறைந்தது. கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் இடையே இருந்த மரண இடைவெளியும் ஏறக்குறைய மூடிப்போனது. புது மருந்து எதுவும் இல்லை, ஒரு கவரும் ஸ்டாம்பும்தான். ஜப்பானும் இங்கிலாந்தும் தேசிய அளவில் இப்படி மலப் பரிசோதனையில்தான் தொடங்குகின்றன. சிங்கப்பூரில் இருக்கும் உறவினர்களைக் கேட்டுப் பாருங்கள், ஐம்பது வயதுக்கு மேல் வருடா வருடம் ஃபிட் செய்யச் சொல்வார்கள். ஸ்பெயினில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஒப்பிட்டு 2025ல் வந்த ஆய்வு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஃபிட் செய்ய அழைப்பதும் ஒரு தடவை கொலோனோஸ்கோபிக்கு அழைப்பதும் பத்து வருட மரணக் கணக்கில் சமமாகவே நிற்கின்றன என்கிறது. ஃபிட்டுக்கு வந்தவர்கள் அதிகம் என்பது அதற்கு முக்கியக் காரணம்.

அதனால் ஃபிட்டை எப்படிச் செய்வது என்று பார்த்துவிடலாம். மனித ரத்தத்தின் ஹீமோகுளோபினை மட்டும் பிடிக்கும் பரிசோதனை இது, பத்தியம் எதுவும் வேண்டாம். கிட்டில் ஒரு காகிதம் இருக்கும், அதைக் கழிப்பறைக் கோப்பையில் தண்ணீர்மேல் விரித்து அதன்மேல் மலம் கழிக்க வேண்டும். கழுவப் பயன்படுத்தும் தண்ணீர் படுவதற்கு முன்பே மாதிரியை எடுத்துவிடுங்கள், நம் வீடுகளில் இது சிலருக்குத் தவறிப்போகும். புட்டி மூடியோடு சேர்ந்த குச்சியால் மேற்பரப்பில் நாலைந்து இடத்தில் கீறினால் போதும், குச்சியின் நுனிப் பள்ளம் நிறைந்தாலே சரி, நிறைய எடுக்கக் கூடாது. புட்டிக்குள் செருகி மூடுங்கள். அப்புறம் லேபிளில் தேதி எழுதுங்கள். சிரிக்காதீர்கள், தேதி எழுதாததால் மட்டும் லேப் தூக்கிப்போடும் கிட்டுகள் ஏராளம். சூட்டில் ஹீமோகுளோபின் சிதையும், எனவே டெக்ஸாஸ் வெயிலில் தபால் பெட்டியிலோ கார் சீட்டிலோ கிடக்க விடாமல் அன்றைக்கே போய்க் கொடுத்துவிடுவது நல்லது. மாதவிலக்கு நாட்களிலும், மூலத்தில் ரத்தம் வரும்போதும் எடுக்க வேண்டாம்.

ஒரு தடவை ஃபிட் செய்தால் இருக்கும் புற்றில் நாலில் மூன்றைப் பிடிக்கும், நாலில் ஒன்று தப்பும். ரத்தம் கசியாத பாலிப்புகள் பெரும்பாலும் தப்பிவிடும், பெரிய பாலிப்புகளில்கூட நாலில் ஒன்றைத்தான் காட்டும். அதனால்தான் வருடா வருடம் செய்ய வேண்டும், ஒரு தடவை செய்துவிட்டு ஐந்து வருடம் மறந்துவிடுவதற்கு இல்லை. கொலோனோஸ்கோபி சுத்தமாக இருந்தால் பத்து வருடத்துக்கு ஒருமுறை போதும் என்பது அதன் பெரிய வசதி. டிவியில் விளம்பரம் வரும் கொலோகார்ட் என்ற மலப் பரிசோதனை, ரத்தத்தோடு மரபணுத் தடயமும் பார்ப்பதால் புற்றை 92 சதவீதம் பிடிக்கிறது, ஆனால் பொய் எச்சரிக்கையும் அதிகம், ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும். 2024ல் அனுமதி கிடைத்த ஷீல்டு என்ற ரத்தப் பரிசோதனை வேறு இருக்கிறது. புற்றை 83 சதவீதம் பிடித்தாலும் ஆபத்தான பாலிப்பை 13 சதவீதம்தான் காட்டுகிறது, அதாவது வருமுன் தடுக்கும் வேலைக்கு ஏறக்குறைய உதவாது. வேறு எதுவுமே செய்ய மாட்டேன் என்று அடம் பிடிப்பவர்களுக்கு அது பரவாயில்லை.

ஃபிட் பாசிட்டிவ் என்று வந்தால்? நூறு பேரில் ஐந்தாறு பேருக்கு வரும், அவர்களிலும் புற்று இருப்பது ஒரு சிலருக்குத்தான். அதற்காக "மூலமாக இருக்கும், இன்னொரு தடவை ஃபிட் செய்து பார்ப்போம்" என்று மட்டும் இறங்காதீர்கள். இரண்டாவது நெகட்டிவ் வந்தாலும் முதலாவது ரத்து ஆகாது, கொலோனோஸ்கோபி செய்தே ஆக வேண்டும். இத்தாலியில் பாசிட்டிவ் வந்தும் கொலோனோஸ்கோபிக்கு மறுத்தவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, போனவர்களைவிட இந்தப் புற்றால் இறக்கும் வாய்ப்பு அவர்களுக்கு இரண்டு மடங்கு இருந்தது. ஒன்றிரண்டு மாதம் தள்ளினால் குடி முழுகாது, ஆனால் பத்து மாதத்தைத் தாண்டினால் முற்றிய நிலையில் அகப்படும் ஆபத்து கூடுகிறது.

கொலோனோஸ்கோபிக்கே போகிறீர்கள் என்றால், பரிசோதனை அன்று ஒன்றுமே தெரியாது, மயக்க மருந்தில் தூங்கி எழுந்துவிடுவீர்கள். கஷ்டம் முந்தைய நாள்தான். ஆஸ்பத்திரி கொடுக்கும் உணவுச் சீட்டு அமெரிக்கச் சமையலறைக்கு எழுதினது, அதில் கடுகைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. தாளித்த கடுகு, தக்காளி விதை, கத்தரிக்காய், வெண்டைக்காய், கொய்யா விதை, கீரை, முருங்கைக்காய் நார், தேங்காய்ச் சட்னி, முழுப் பயறு எல்லாவற்றையும் இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். வெள்ளைச் சோறு, இட்லி, தாளிக்காத தயிர் சாதம் சாப்பிடலாம். கருவி குடலுக்குள் போனதும் திரையில் கடுகு கடுகாக மிதப்பதைப் பார்த்தால் உறிஞ்சும் குழாய் அடைத்துக்கொள்ளும் என்று எங்களுக்கு உடனே தெரிந்துவிடும், டாக்டர் முகமும் மாறிவிடும். முந்தைய நாள் முழுக்கத் தெளிந்த திரவம் மட்டும்: வடிகட்டிய தெளிவு ரசம், இளநீர், ஆப்பிள் ஜூஸ், பால் இல்லாத கடுங்காப்பி. சிவப்பு, ஊதா நிறத்தில் எதுவும் வேண்டாம், ரத்தம் போலத் தெரியும். குடலைக் காலியாக்கும் பேதி மருந்துக் கரைசலைப் பாதி முந்தின ராத்திரியும் மீதியை விடியற்காலையும் குடிக்க வேண்டும், பிரிட்ஜில் வைத்துக் குளிரக் குளிர ஸ்ட்ராவில் குடித்தால் குமட்டல் குறையும். கடைசியில் போவது வெளிர்மஞ்சள் தண்ணீராக இருந்தால் தயார். சர்க்கரை மாத்திரை, இன்சுலின், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை எதையாவது சாப்பிடுகிறீர்கள் என்றால் ஒரு வாரத்துக்கு முன்பே போன் செய்து எதை எப்போது நிறுத்துவது என்று கேட்டுவிடுங்கள்.

பரிசோதனை முடிந்து கூட்டிப்போக ஆள் வேண்டும், ஊபரில் தனியாக அனுப்ப மாட்டோம். குடும்பம் ஊரில் இருக்க இங்கே தனியாக இருப்பவர்கள் இதற்காகவே தள்ளிப்போடுவதைப் பார்த்திருக்கிறேன். வாட்ஸப் குரூப்பில் கேட்டால் யாராவது வருவார்கள், ஏர்போர்ட்டுக்கே வருகிறார்கள், இதற்கு வர மாட்டார்களா?

பணம்: அறிகுறி இல்லாத 45 வயதுக்காரருக்குப் பெரும்பாலான தனியார் இன்ஷூரன்ஸ் சட்டப்படி முழுதாகக் கட்ட வேண்டும். பாலிப் எடுத்தாலும் அதே கணக்குதான். ஃபிட் பாசிட்டிவுக்குப் பிறகு செய்யும் கொலோனோஸ்கோபியும், 2022 மே 31க்குப் பின் தொடங்கிய திட்டங்களில், இதில் சேரும். முன்கூட்டியே போன் செய்து தடுப்புப் பரிசோதனை என்ற வகையில்தான் பில் போகிறதா, மயக்க மருந்து டாக்டரும் நெட்வொர்க்கில் இருக்கிறாரா என்று கேட்டு, பதில் சொன்னவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக அப்பா. இந்தியாவில் இந்தப் புற்று அமெரிக்காவைவிடப் பல மடங்கு குறைவு. 2016ல் மத்திய அரசு வகுத்த பரிசோதனைத் திட்டத்திலும் வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றும்தான் இருக்கின்றன, குடல் இல்லை. 74 வயதில், அறிகுறி எதுவும் இல்லாமல், மதுரையில் நிம்மதியாக இருப்பவரை இழுத்துக்கொண்டு போய் கொலோனோஸ்கோபி செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவிலேயே 75க்கு மேல் ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். அவர் இங்கே வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றும் திட்டம் போடாதீர்கள், விசிட்டர் இன்ஷூரன்ஸ் பொதுவாக இதற்கெல்லாம் தராது.

ஆனால் ஊரில் நடக்கும் தப்பு வேறு மாதிரி. பஸ் ஸ்டாண்டு சுவரிலெல்லாம் "மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்" என்று போஸ்டர் ஒட்டியிருக்கும் ஊர் அது. ரத்தம் போனால் மூலம்தான் என்று அவரவரே முடிவு கட்டி மாதக்கணக்கில் லேகியமும் களிம்புமாக ஓட்டிவிடுவார்கள். இந்தியாவில் மலக்குடல் புற்றின் பங்கு அதிகம், அதில் நிறைய டாக்டர் கையுறை போட்டு விரலால் பார்த்தாலே தட்டுப்படும் இடத்தில் இருக்கும், அந்த விரல் பரிசோதனையைத்தான் யாரும் செய்துகொள்வதும் இல்லை, செய்வதும் இல்லை. இன்னொன்று சோகை. வலது பக்கக் குடலில் இருக்கும் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் சொட்டுச் சொட்டாகக் கசியும், பெரியவர் "படி ஏறினால் மூச்சு வாங்குது, வயசாச்சுல்ல" என்பார், இரும்பு டானிக் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், டானிக்கில் கொஞ்சம் ஏறவும் செய்யும், எல்லோரும் சமாதானமாகிவிடுவார்கள். அடுத்த தடவை போனில் பேசும்போது கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேளுங்கள், சர்க்கரைக்காக எடுத்த ரிப்போர்ட்டிலேயே பெரும்பாலும் இருக்கும், வாட்ஸப்பில் படம் அனுப்பச் சொல்லுங்கள். ஆண்களுக்கு 13க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்தின் அளவையும் பார்க்க வேண்டும். அதுவும் குறைவு என்றால் டானிக்கோடு நிறுத்தாமல் அவரைக் குடல்நோய் நிபுணரிடம் கூட்டிப்போக ஊரில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.